சித்திரபுரத்தில் விழுந்த விமானம்

காலைக் காபி குடித்த கையோடு யக்ஞநாராயணன் ஒரு விமானத்தைக் கிளப்புவார். அது தரையை விட்டு எழும்பியதும் இடது என்ஜினை நிறுத்துவார். சில நாள் கம்ப்யூட்டரே நின்றுபோகும். எது நின்றாலும் அசரமாட்டார். குளித்து, சந்தியாவந்தனம் பண்ணி, மறுபடி வந்து உட்கார்ந்துவிடுவார். சித்திரபுரத்தில் அந்தத் தகரக் கூரை வீட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்கு உள்ளேயிருந்து வரும் இரைச்சலும் அபாய மணியும் பழகிப்போய்விட்டன. "சாமி பிளேன் எடுத்துட்டாரு" என்று மின்வாரியக் குவார்ட்டர்ஸ் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்று சொல்லிக்கொள்வார்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள். அவர் ஏன் எடுக்கிறார் என்பது ஊருக்கே தெரியும்.

ஆள் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். வேலை முழுக்க மூணாறுக்குப் பக்கத்திலுள்ள பள்ளிவாசல் என்ற ஊரின் பவர்ஹவுஸில், டர்பைன்களுக்குப் பக்கத்தில். ரிடையரானதும் பாலக்காட்டுக்குத் திரும்பிவிடுவார் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். பாலக்காட்டு வெயில் தனக்கு ஒத்துக்காது என்று சொல்லி, பனியும் மழையுமாக எப்போதும் ஈரத்தில் ஊறும் இந்த மலையிலேயே ஒரு வீட்டை வாங்கிக்கொண்டார். வெயிலாவது ஒன்றாவது, டர்பைன் சத்தம் காதில் விழாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது, அதுதான் விஷயம் என்பாள் அவர் மனைவி ராமலட்சுமி. இரண்டு பேருக்கும் ஒரே பிள்ளை, நிகில். படித்து விமானியாகி, கிழக்கே கடல் தாண்டி, தீவுகள் நிறைந்த ஒரு நாட்டில் சரக்கு விமானக் கம்பெனியில் துணை விமானியாக இருந்தான். இரண்டு என்ஜின், இரண்டு விசிறி உள்ள சின்ன விமானம். ஒரு காலத்தில் பயணிகளை ஏற்றியது. இவன் காலத்தில் மீனும் மருந்தும் தபாலும் ஏற்றியது.

போன வருஷம் மழைக்காலம் முடிகிற சமயம், அந்த விமானம் தரையை விட்டு எழும்பிய உடனே இடது என்ஜின் செத்தது. வலது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒன்றை வைத்துக்கொண்டே ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கியிருக்கலாம். ஆனால் உள்ளே இருந்தவர்கள் நல்லபடி ஓடிய வலது என்ஜினை நிறுத்திவிட்டார்கள். விமானம் கடலோரச் சதுப்புக் காட்டில் விழுந்தது. அடிமாலிக்காரரான கேப்டன் ஜிபினும் போனார், நிகிலும் போனான். ஒலிப்பதிவுப் பெட்டியில் நிகிலின் குரல் தெளிவாகக் கேட்கிறது என்று விசாரணைக்காரர்களின் முதல் அறிக்கை சொன்னது. "என்ஜின் டூ." ஒன்று என்றால் இடது, இரண்டு என்றால் வலது. துணை விமானி சொன்னதைக் கேட்டு கேப்டன் வலது லீவரை இழுத்தார். அவ்வளவுதான்.

யக்ஞநாராயணனுக்கு அந்த இரண்டு வார்த்தைதான் தொண்டையில் முள்ளாக நின்றது. பிள்ளை செத்ததை ஏதோ ஒரு விதத்தில் விழுங்கிவிட்டார், அல்லது விழுங்கிவிட்டதாகக் காட்டிக்கொண்டார். பிள்ளை தப்பாகச் சொன்னான், அதனால் இன்னொருத்தரும் செத்தார் என்பதை மட்டும் அவரால் முடியவில்லை.

"கண்ணால பார்க்காததை அவன் சொல்லமாட்டான். மீட்டர் டூன்னு காட்டியிருக்கும், அவன் டூன்னு சொன்னான். மீட்டர்தான் பொய் சொல்லியிருக்கு" என்பார். விசாரணைக்காரர்களின் இறுதி அறிக்கை இன்னும் வரவில்லை. அது வருவதற்குள் மீட்டரின் பொய்யைப் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும். அவருக்குப் பொழுது விடிவதே அதற்காகத்தான் என்றாகிவிட்டது.

அதற்கு அவரிடம் இருந்தது நிகிலின் அறையில் நிகில் விட்டுப்போன கம்ப்யூட்டர். அதில் வீட்டிலிருந்தே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர். அதன் மேல் தனியாக விலைக்கு வாங்கிச் சேர்த்த ஆட்-ஆன் ஒன்று. அவன் நிஜத்தில் ஓட்டிய அதே ரக விமானம், அதே மீட்டர்கள், அதே லீவர்கள். அசல் விமானத்தில் உள்ள கோளாறுகூட இதில் அப்படியே இருக்கும் என்று விற்கிறவர்கள் பெருமையடித்துக்கொள்வார்கள். அந்தப் பெருமையை யக்ஞநாராயணன் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

விபத்துக்குச் சற்று முன்னால், ஓணத்துக்கு லீவில் வந்தபோது நிகில் இதில்தான் பழகினான். அதுவும் அப்பா நச்சரித்ததால். "வெறுதே மொபைலைப் பார்த்துண்டு கிடக்கறதுக்குப் பழகேன்டா" என்பார். பழுதுகளின் பட்டியல் ஒரு டேப்லெட்டில் வரும். அது அப்பாவின் கையில். எதையாவது ஒன்றை, எப்போது வேண்டுமானாலும், சொல்லாமல் அழுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. பட்டியலில் இருந்த எழுத்தும் எண்ணும் அவருக்கு அப்போது ஒன்றும் விளங்காது. எதையாவது அழுத்தி எதுவாவது கெட்டுப்போனால் என்ன செய்வது என்ற பயம் வேறு. ஆகவே எப்போதும் முதல் வரியையே அழுத்தினார். அவருக்கு அது தப்பாகவும் படவில்லை. பவர்ஹவுஸில் மாக் டிரில் என்ற ஒத்திகை வந்தால் எப்போதும் ஒரே யூனிட்டைத்தான் டிரிப் பண்ணி நிறுத்துவார்கள். மற்றதை நிறுத்த மேலிடத்தில் விடமாட்டார்கள். அதே டிரில்லில்தான் அவரும் வேலை கற்றார், அவருக்குப் பின்னால் வந்தவர்களும் கற்றார்கள்.

"என்னப்பா, எப்பப் பார்த்தாலும் டூவே போறது?" என்று நிகில் சிரித்தான்.

"அவசரம் வரச்சே கை தன்னால போகணும்டா. யோசிச்சுண்டு நிக்கப்படாது."

மணி அடித்த மாத்திரத்தில் "என்ஜின் டூ" என்பான், கை வலது லீவருக்குப் போகும். அப்பா தொடையில் தட்டிப் பாராட்டுவார். அந்த லீவு முழுக்க வீட்டில் இதுதான் கச்சேரி.

அவன் போனபின் பல மாதம் அந்த அறைக் கதவைத் திறக்கவில்லை. திறந்தபோது கம்ப்யூட்டர் ஒத்துழைக்கவில்லை. விமானத்தைத் தேர்ந்தெடுத்தால் திரை கறுத்துப்போய், எல்லாம் தானாக மூடிக்கொள்ளும். வேறு ஆளாக இருந்தால் விட்டுத்தொலைத்திருப்பார். இவர் இணையத்தில் சிமுலேட்டர்காரர்கள் கூடிப் பேசும் இடத்தைக் கண்டுபிடித்து, அரைகுறை இங்கிலீஷில் தன் கஷ்டத்தைச் சொன்னார். மேலே சேர்த்திருக்கும் எல்லாவற்றையும் கழற்றி எறி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓட்டிப்பார், எதைச் சேர்த்ததும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி என்று முகம் தெரியாத யாரோ சொன்னார்கள். மின்சார லைனில் பழுது வந்தால் பகுதி பகுதியாகப் பிரித்துத் தேடுகிற அதே வேலைதான், அவருக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனால் கழற்றி எறிய வேண்டியிருந்ததெல்லாம் நிகில் ஆசையாகச் சேர்த்தது. கொச்சி விமான நிலையம், மூணாறு மலைகள், விமானத்தின் வாலில் தன் பெயரை எழுதி அவனே போட்ட சாயம். ஒவ்வொன்றையும் நீக்கும்போது நிச்சயமாகத்தானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் ஆமாம் என்று அழுத்திக்கொண்டே போனார். கடைசியில் குற்றவாளி அகப்பட்டது. கண்ணாடியில் மழைத்துளி வழிகிற மாதிரி காட்டுகிற ஒரு சின்னப் புரோகிராம். அதையும் நீக்கிவிட்டு, கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனிமேல் இந்தத் தொல்லை வராமல் இருக்க, ஆட்-ஆன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்துவிடுங்கள் என்றார்கள். வைத்தார்.

இதற்குள் பட்டியலையும் படிக்கக் கற்றிருந்தார். முதல் வரி இடது என்ஜின். இரண்டாம் வரி வலது. விமானத்தைக் கிளப்பி, எழும்பியதும் முதல் வரியை அழுத்தினார். மணி அடித்தது. வலது மீட்டரின் முள் விழுந்தது.

அவர் நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்து நின்றார்.

"ராமீ! இங்க ஓடி வா! இடதை நிறுத்தினேன், வலது விழறது பாரு!"

ராமலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். முள்ளைப் பார்த்து அவளுக்கு என்ன புரியும்? அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ குழந்தை தப்பாச் சொல்லலையா?"

"இல்லைடீ. மீட்டர் காட்டினதைச் சொல்லியிருக்கான். இந்த விமானத்துக்கே அந்தக் கோளாறு இருக்கு. அதையும் சேர்த்து இந்தப் புரோகிராம்காரா பண்ணி வச்சிருக்கா."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள். அன்று மத்தியானம் வெகு நாளைக்குப் பிறகு மோருஞ்சாதம் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமலிருக்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த சிமுலேட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் விமானத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். எந்த விசிறி நின்றிருக்கிறது என்று கண்ணுக்கு நேரே தெரியும். நின்றது இடதா, வலதா என்று அந்த ஒரு பார்வையில் முடிந்துபோயிருக்கும். பவர்ஹவுஸில் ஒரு மீட்டர் சொன்னதை இன்னொரு மீட்டரைக் கேட்காமல் நம்பாத மனுஷன், அந்தப் பொத்தானைத் தொடவில்லை. இணையத்து ஆட்களிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் ஓட்டுவார், முதல் வரியை அழுத்துவார், மணி அடித்ததும் "என்ஜின் டூ" என்று மகன் மாதிரியே சொல்வார், முள் விழுந்ததும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். அதற்கு மேல் ஓட்டவே மாட்டார். பயம்தான், வேறென்ன. கையில் கிடைத்ததைச் சோதித்துப் பார்த்தால் போய்விடுமோ என்ற பயம்.

திரையைப் படம் பிடித்து அந்த நாட்டு விசாரணைக்காரர்களுக்கு அனுப்பினார். கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்தது. பிறகு அடிமாலிக்கு, ஜிபினின் மனைவி ஜின்சிக்குப் போன் செய்தார். கொச்சியில் இரண்டு சவப்பெட்டிகளும் வந்திறங்கிய அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள் அவள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஒரே ஒரு தடவை வந்து பார் என்று கெஞ்சினார்.

அவள் ஒரு மழை நாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவள், தமிழ் தடையில்லாமல் வரும். ராமலட்சுமி கொடுத்த காபியை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், குடிக்கவில்லை.

"எங்க ஜிபின் மேல தப்புன்னு காட்டத்தான் கூப்பிட்டீங்களா அங்கிள்?"

"இல்லைம்மா. ரெண்டு பேர் மேலயும் தப்பில்லை. அதைக் காட்டத்தான்."

"அப்படி இருந்தா நல்லது. உங்க மகனைத் திட்டித் திட்டி எனக்கே அலுத்துப்போச்சு."

அவளை இடது பக்கம், கேப்டன் உட்காரும் பக்கம் உட்காரவைத்தார். தான் வலது பக்கம் உட்கார்ந்தார். டேப்லெட்டை ராமலட்சுமியின் கையில் கொடுத்தார்.

"நீ முதல் வரியை அழுத்து. எப்பன்னு என்னண்ட சொல்லாதே. ஜின்சி, அது இடது என்ஜினை நிறுத்தும். மீட்டர் வலதுன்னு பொய் சொல்லும். நான் டூன்னு சொல்வேன். நீ இந்த வலது லீவரை இழுத்துடு. அன்னிக்கு என்ன நடந்ததோ அதை அப்படியே பார்க்கலாம்."

கம்ப்யூட்டரைப் போட்டதும் ஏதோ அறிவிப்பு வந்தது. புதுப்பிப்பு முடிந்தது என்று என்னவோ. வந்தவளைக் காக்கவைக்க வேண்டாமென்று அதைத் தள்ளிவிட்டார். விமானம் ஓடி, எழும்பியது. கீழே கடலும் சதுப்புக் காடும் சாய்ந்து தெரிந்தன. ஜின்சி கையைக் கட்டிக்கொண்டு அந்தக் காட்டையே பார்த்தாள். ஜிபின் கடைசியாகப் பார்த்த இடம் அதுதான். ராமலட்சுமி அழுத்தினாள்.

மணி அடித்தது.

"என்ஜின் டூ!" என்றார் யக்ஞநாராயணன்.

ஜின்சி வலது லீவரை இழுத்தாள். இரைச்சல் முழுக்க அடங்கியது. மழை தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மரங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன, திரை நின்றது.

"பார்த்தயோ? இப்படித்தான் ஆயிருக்கு" என்றார் அவர்.

ஜின்சி அவரைப் பார்க்காமல் திரையைக் காட்டினாள். "அங்கிள், மீட்டர் பொய் சொல்லலை. இடது முள்ளுதான் விழுந்துச்சு. நான் பார்த்தேன்."

"இருக்காது."

"நீங்க பார்த்தீங்களா?"

 பார்த்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. மணி அடித்தது, வாய் சொல்லிவிட்டது. இன்னொரு தடவை ஓட்டினார். இம்முறை கண்ணைச் சிமிட்டாமல் மீட்டர்களைப் பார்த்தார். முதல் வரிக்கு இடது முள் விழுந்தது. வெளியிலிருந்து பார்க்கும் பொத்தானை அப்போதுதான் முதன்முதலாக அழுத்தினார். இடது விசிறி அசையாமல் நின்றது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார், மறுபடி அதுவேதான். முதலில் தள்ளிவிட்ட அறிவிப்பைத் தேடி எடுத்தார். இவருக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்ததோ, தெரியக்கூடாதென்று இருந்ததோ, ஜின்சிதான் குனிந்து படித்துச் சொன்னாள். முதல் பதிப்பிலிருந்தே பழுதுப் பட்டியலில் இடது, வலது பெயர்கள் மாறிக் கிடந்தனவாம். இடது என்று எழுதிய வரியை அழுத்தினால் வலது என்ஜின்தான் நின்றதாம். இப்போது சரிசெய்துவிட்டார்களாம். சிரமத்துக்கு வருந்துகிறார்களாம்.

யக்ஞநாராயணன் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்தார். மீட்டர் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. அவர் இடது என்று நினைத்து அழுத்திய ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே வலதுதான் நின்றிருக்கிறது. அவருடைய சாட்சி வெறும் பெயர்ப் பிசகு. அது போனால் போகட்டும். ஓணத்து லீவு முழுக்க முதல் வரியை மட்டும் அழுத்தி, வலதை மட்டும் நிறுத்தி, யோசிக்காதே, யோசிக்காதே என்று சொல்லி, மணி அடித்தால் "என்ஜின் டூ" என்று மகனின் நாக்கில் ஏற்றிவைத்தது யார்? பெயர் சரியாக இருந்திருந்தால் அவன் "என்ஜின் ஒன்" என்று பழகியிருப்பான், அன்றைக்கு அதைச் சொல்லிப் பிழைத்தும் இருப்பான். இரண்டு வரியையும் மாற்றி மாற்றி அழுத்தியிருந்தால் பார்த்துச் சொல்லப் பழகியிருப்பான். 

"அப்ப அன்னைக்கு உங்க மகன் பார்க்காமத்தான் சொன்னானா?" என்று கேட்டாள் ஜின்சி. குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

ராமலட்சுமி டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தெரியாது என்று சொல்லுங்கோ என்று அவள் கண் கெஞ்சியது. அது பொய்யும் ஆகாது. செத்தவன் பார்த்தானா இல்லையா என்று எந்தப் பெட்டியிலும் பதிவாகவில்லை.

"பார்க்கலைம்மா" என்றார் யக்ஞநாராயணன். "நான் இப்போ பார்க்காத மாதிரியே அவனும் பார்க்கலை. நான் பழக்கினதைச் சொல்லியிருக்கான்."

ஜின்சி ஆறிப்போன காபியை எடுத்து, குடிக்காமல் மறுபடி வைத்தாள்.

"நான் பார்த்தேனே அங்கிள்" என்றாள் பிறகு. "இடது முள்ளு விழுறதைப் பார்த்துட்டேதான் வலதை இழுத்தேன். நீங்க அவ்வளவு சத்தமாச் சொன்னீங்க." கையிலிருந்த கைக்குட்டையைப் பிசைந்தாள். "ஜிபினும் பார்த்திருப்பாரு."

அவள் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் தெளிந்ததும், விசாரணைக்காரர்களுக்கு அனுப்பிய படத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாள்.

"வேற என்ன பண்றது, தப்புன்னு எழுதணும்."

"எழுத வேண்டாம்!" என்றாள் ராமலட்சுமி. அவள் குரல் அந்த வீட்டில் அப்படி எழும்பியதில்லை. "அவா என்ன வேணுமானாலும் எழுதிக்கட்டும். நம்ம கையால எழுத வேண்டாம். அவன் பேராவது நேக்கு மிஞ்சட்டும், கேட்டேளா?"

"ஜிபினுக்கும் ஒரு பேர் இருக்கேடீ."

அவர் எழுத உட்கார்ந்தார். ராமலட்சுமி நகரவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் அனுப்பிய படம் சாட்சியாகாது, அது புரோகிராமில் இருந்த பிழை. தன் மகன் வீட்டில் இதே புரோகிராமில் பழகினான், வலது என்ஜின் நிற்பதை மட்டுமே பழகினான், பழக்கியது அப்பாவாகிய தான். இவ்வளவையும் அவருடைய அரைகுறை இங்கிலீஷில் எழுதி முடித்து, திரும்பிப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்.

"என் பிள்ளையை ரெண்டு தரம் கொன்னுட்டேள்" என்றாள் ராமலட்சுமி.